டெம்ப்ளேட்டும் எஃபெக்ட்டும் அளவோடு: இணையதளம் அமைக்க முழுமையான வழிகாட்டி

டெமோவில் பளிச்சென்று இருந்த டெம்ப்ளேட் (ஆயத்த இணையதள வடிவமைப்பு), நம்முடைய எழுத்தும் படமும் ஏறியதும் களை இழந்துவிடுகிறது. டெமோவில் தலைப்பு மூன்றே சொல். மூன்று பெட்டிகளிலும் அளந்து வைத்தாற்போல இரண்டிரண்டு வரி. படங்கள் எல்லாம் ஒரே வெளிச்சத்தில், ஒரே வடிவத்தில். அந்த உள்ளடக்கத்துக்கென்று அளவெடுத்துத் தைத்த சட்டை அது. நம்முடைய தலைப்போ ஒன்பது சொல், படம் கைபேசியில் நெட்டுவாக்கில் எடுத்தது. சட்டை பிடிக்கத்தானே செய்யும்?

ஆகவே வேலையின் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் உள்ளடக்கம், பிறகு டெம்ப்ளேட், அது சரியாக நின்ற பிறகே எஃபெக்ட் எனும் அசைவு அலங்காரம். எஃபெக்ட்டைப் பார்த்து மயங்கி டெம்ப்ளேட் வாங்கி, அதில் இட்டு நிரப்ப எழுத்தைத் தேடுவதுதான் வழக்கமாக நடப்பது. அதனால்தான் பல தளங்களில் "எங்கள் சேவைகள்" என்று மூன்று பெட்டி இருக்கிறது, சேவை இரண்டுதான் என்றாலும்.

படி 1: தேடும் முன் எழுதி வைக்க வேண்டியவை

ஒரு வெற்றுக் கோப்பைத் திறந்து இவற்றைக் குறியுங்கள். அரை நாள் வேலை. பின்னால் ஒரு வாரத்தை மிச்சப்படுத்தும்.

- என்னென்ன பக்கங்கள், ஒவ்வொரு பக்கத்திலும் வருபவர் செய்ய வேண்டிய ஒரு காரியம் (அழைப்பது, வாங்குவது, படிப்பது, படிவம் நிரப்புவது).
- உங்களிடம் உள்ள மிக நீளமான தலைப்பும் மிகக் குட்டையான தலைப்பும். டெம்ப்ளேட்டைச் சோதிக்க இந்த இரண்டும்தான் உரைகல்.
- கையில் இருக்கும் படங்கள் எத்தனை, அவற்றில் கிடைமட்டம் எத்தனை, நெட்டு எத்தனை.
- மெனுவில் வரப்போகும் சொற்கள், எழுத்து மாறாமல் அப்படியே. "தொடர்புக்கு" என்பது "தொடர்பு கொள்ள இங்கே அழுத்தவும்" ஆனால் மெனு இரண்டு வரியாக மடியும்.

படமே இல்லாத தளத்துக்கு முழுத்திரைப் படத்தில் தொடங்கும் டெம்ப்ளேட் வேண்டாம். எழுத்தை முன்னிறுத்தும் டெம்ப்ளேட்டுகள் தேடினால் கிடைக்கும். டெமோவில் அவை கொஞ்சம் சப்பென்று தெரியும், அதனால் பலர் தாண்டிப்போய்விடுவார்கள்.

படி 2: டெமோவைச் சோதனை போடுவது

விற்பனைத் தளங்கள் டெமோவை ஒரு சட்டகத்துக்குள் வைத்துக் காட்டும். மேலே இருக்கும் பட்டையை மூடி, டெமோவின் உண்மையான முகவரிக்குப் போய்ச் சோதியுங்கள்.

முதலில் வேகம். கூகுளின் வேகச் சோதனைக் கருவியான பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் முகவரியைக் கொடுத்து, கைபேசிக்கான முடிவைப் பாருங்கள். கூகுள் கணக்கில் கொள்ளும் அளவுகள் மூன்று. பக்கத்தின் மிகப் பெரிய உருப்படி (எல்சிபி) 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும். தொட்டதற்கான பதில் (ஐஎன்பி) 200 மில்லிவிநாடிக்குள் வர வேண்டும். பக்கம் ஏறும்போது உருப்படிகள் இடம் தாவும் அளவு (சிஎல்எஸ்) 0.1-ஐத் தாண்டக் கூடாது. ஐஎன்பி 2024 மார்ச்சில்தான் பழைய எஃப்ஐடி அளவின் இடத்துக்கு வந்தது. ஆகவே எஃப்ஐடி பற்றிப் பேசும் குறிப்புகள் காலாவதியானவை. டெமோவே திணறினால் உங்கள் கையில் அது வேகமெடுக்காது. நீங்கள் ஏற்றப்போவது இன்னும் கூடுதல் சுமைதான்.

அடுத்து, பிரவுசரின் டெவலப்பர் கருவிகளில் (பக்கத்தின் நிரலைப் பார்த்துச் சோதிக்கும் பகுதி) இருக்கும் கைபேசிக் காட்சியில் அகலத்தை 320 பிக்சலாகச் சுருக்குங்கள். பக்கம் இடம் வலமாக ஸ்க்ரோல் ஆனால் அந்த டெம்ப்ளேட் வேண்டாம். பிறகு எழுத்தை 200 சதவீத அளவுக்குப் பெரிதாக்குங்கள். மெனு உடைகிறதா, எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிறதா என்று தெரிந்துவிடும். கடைசியாக, மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு டேப் விசையை மட்டும் அழுத்திக்கொண்டே போங்கள். எந்த இணைப்பில் நிற்கிறோம் என்பதைக் காட்டும் வளையம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். "அழகாக இல்லை" என்று அந்த வளையத்தையே அழித்துவிட்ட டெம்ப்ளேட்டுகள் ஏராளம்.

உரிமத்தையும் படியுங்கள். இலவச டெம்ப்ளேட் பலவற்றில், பக்கத்தின் அடியில் இருக்கும் வடிவமைப்பாளர் பெயரை நீக்கக் கூடாது என்பது நிபந்தனை. கட்டண டெம்ப்ளேட் பலவற்றில் டெமோவில் காணும் புகைப்படங்கள் விற்பனையில் அடங்காது. அவற்றை அப்படியே விட்டுவைத்தால் பதிப்புரிமைச் சிக்கல் வரும். கட்டணத் தீம்களை (வேர்ட்பிரஸில் டெம்ப்ளேட்டுக்கு இதுதான் பெயர்) இலவசமாகத் தருவதாகச் சொல்லும் 'நல்டு' கோப்புகளை, அதாவது உரிமப் பூட்டை உடைத்த நகல்களை, தொடவே வேண்டாம். உள்ளே மறைத்து வைத்த பின்கதவு நிரல் இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு, புதுப்பிப்பும் வராது.

படி 3: நிறுவிய கையோடு கழிக்க வேண்டியவை

எல்லாருக்கும் விற்க வேண்டும் என்பதால் டெம்ப்ளேட்டில் எல்லாமே இருக்கும். ஆறு ஐகானுக்காக முழு ஐகான் எழுத்துரு, ஒரே இடத்தில் வரும் நகரும் படத்தொகுப்புக்காக ஒரு தனி நிரல் தொகுப்பு, நீங்கள் சேர்க்கப்போகாத வரைபடத்துக்கு ஒரு ஸ்கிரிப்ட். குரோமின் டெவலப்பர் கருவிகளில் 'கவரேஜ்' என்ற பகுதி உண்டு. அதைத் திறந்து பக்கத்தை மறுபடி ஏற்றினால், வந்த சிஎஸ்எஸ்ஸிலும் (தோற்றத்தை வகுக்கும் நிரல்) ஜாவாஸ்கிரிப்ட்டிலும் (பக்கத்தை இயக்கும் நிரல்) எவ்வளவு பயன்படவே இல்லை என்பதைச் சிவப்பில் காட்டும். அதைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டாதீர்கள். மெனு திறக்கும்போது மட்டும் தேவைப்படும் நிரலும் அங்கே சிவப்பாகவே தெரியும். ஒரு கோப்பை எடுத்துவிட்டு எல்லாப் பக்கத்தையும் ஒரு சுற்றுப் பாருங்கள், பிறகு அடுத்தது. ஐகான் எழுத்துருவுக்குப் பதிலாகத் தேவையான ஆறை மட்டும் எஸ்விஜி படமாக வைத்தால் போதும்.

டெமோவின் மிச்சங்களும் மாட்டிக்கொண்டிருக்கும்: தலைப்புப் பட்டையில் டெம்ப்ளேட்டின் பெயர், அதன் ஃபேவிகான் (பிரவுசர் தாவலில் தெரியும் குட்டிச் சின்னம்), சமூக வலைதளத்தில் பகிரும்போது தெரியும் படம், மாதிரிப் பக்கங்கள், எங்கும் போகாத சமூக வலைதள ஐகான்கள். தொடர்புப் படிவம் தனி கவனம் கேட்கிறது. வெறும் எச்டிஎம்எல் டெம்ப்ளேட்டில் இருக்கும் படிவம் தானாக மின்னஞ்சல் அனுப்பாது. சர்வர் பக்கம் அதை வாங்கிக்கொள்ள ஒரு நிரலோ சேவையோ வேண்டும். "நன்றி, உங்கள் செய்தி கிடைத்தது" என்று திரையில் காட்டிவிட்டு, செய்தியை எங்கும் அனுப்பாமல் விழுங்கிவிடும் படிவங்கள் மாதக் கணக்கில் யாருக்கும் தெரியாமல் கிடக்கும். நீங்களே ஒரு செய்தி அனுப்பி, அஞ்சல் பெட்டியில் வந்ததா என்று பாருங்கள்.

தளத்தை வேர்ட்பிரஸ் மென்பொருளில் கட்டுகிறீர்கள் என்றால் ஒரு வேலை கூடுதல். தீமின் கோப்புகளில் நேரடியாகக் கை வைத்தால் அடுத்த புதுப்பிப்பில் எல்லாம் அழியும். உங்கள் மாற்றங்களை மட்டும் தனியே வைத்திருக்கும் சைல்டு தீம் ஒன்றை உருவாக்குங்கள்: தீம்கள் இருக்கும் இடத்தில் புதிய ஃபோல்டர், அதில் ஒரு ஸ்டைல் கோப்பு, அதன் தலைக்குறிப்பில் 'டெம்ப்ளேட்' என்ற வரியில் தாய்த் தீமின் பெயர். பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான். அந்த வரியில் வர வேண்டியது தாய்த் தீமின் ஃபோல்டர் பெயர், திரையில் தெரியும் அலங்காரப் பெயர் அல்ல. ஓர் எழுத்து மாறினாலும் "தாய்த் தீம் இல்லை" என்று அடம்பிடிக்கும். பக்கம் முழுவதையும் பிளாக்குகளாகத் திருத்தவிடும் பிளாக் தீம்களில் சைட் எடிட்டர் வழியாகச் செய்யும் மாற்றங்கள் தரவுத்தளத்தில் சேமிக்கப்படுவதால் அவை புதுப்பிப்பில் போகாது.

படி 4: தமிழ் எழுத்துக்கு இடம் கொடுப்பது

டெம்ப்ளேட்டுகளில் பெரும்பாலானவை லத்தீன் எழுத்தை மனத்தில் வைத்து வரைந்தவை. அதில் தமிழை ஊற்றியதும் நான்கு இடங்களில் இடிக்கும்.

ஒன்று, எழுத்துரு. டெம்ப்ளேட் கேட்கும் எழுத்துருவில் தமிழ் இல்லையென்றால் பிரவுசர் கருவியில் இருப்பதை எடுத்துப் போட்டுக்கொள்ளும். விண்டோஸில் ஒரு முகம், ஆண்ட்ராய்டில் இன்னொரு முகம். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரன், ஹிந்த் மதுரை போன்றவற்றில் ஒன்றைத் தேர்ந்து வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். இரண்டு தடிமன் (400, 700) போதும். ஐந்து தடிமன் ஏற்றுவது வீண் பாரம். எழுத்துரு வந்து சேரும்வரை எழுத்தே தெரியாமல் இருப்பதைத் தவிர்க்க சிஎஸ்எஸ்ஸில் 'ஃபான்ட் டிஸ்ப்ளே' மதிப்பை 'ஸ்வாப்' என்று வையுங்கள்.

இரண்டு, வரி உயரம். தலைப்புகளுக்கு 1.1 அல்லது 1.2 என்று வைத்திருப்பார்கள். தமிழில் மேலே 'கி', 'கீ' போன்றவற்றின் வளைவும் புள்ளியும், கீழே 'ழு', 'ஞு' போன்றவற்றின் வாலும் இருப்பதால் இரண்டு வரித் தலைப்பில் இவை முட்டிக்கொள்ளும். தலைப்புக்கு 1.4, உடல் எழுத்துக்கு 1.7 அளவில் தொடங்கிக் கண்ணால் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

மூன்று, அகலம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. பட்டனுக்கு நிலையான அகலம் கொடுத்திருந்தால் அதை எடுத்துவிட்டு, இரு பக்கமும் இடைவெளி மட்டும் கொடுங்கள். நான்கு, சாய்வெழுத்து. பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வு வடிவம் கிடையாது. பிரவுசர் எழுத்தைப் பிடித்து வலிந்து சாய்க்கும். மேற்கோளுக்குச் சாய்வு வேண்டாம், நிறத்தாலோ ஓரக் கோட்டாலோ பிரித்துக் காட்டலாம்.

எஃபெக்ட்டில் வரும் பெரிய விபத்தும் எழுத்தைச் சேர்ந்ததே. தலைப்பு எழுத்து எழுத்தாக மிதந்து வரும், அல்லது தட்டச்சு செய்வதுபோல ஒவ்வொன்றாகத் தோன்றும் எஃபெக்ட் பல டெம்ப்ளேட்டுகளில் உண்டு. "வணக்கம்" என்ற சொல்லில் நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து: வ, ண, க், க, ம். யூனிகோடில் சேமிக்கப்பட்டிருப்பதோ ஏழு குறியீடு, ஏனென்றால் இரண்டு புள்ளிகளுக்கும் தனித்தனிக் குறியீடு. நிரல் இதை ஏழாக வெட்டி ஒவ்வொன்றையும் தனிப் பெட்டியில் போட்டு நகர்த்தினால், புள்ளியும் கொம்பும் காலும் தாய் எழுத்தை விட்டுப் பிரிந்து, வெறும் புள்ளி வட்டத்தின்மேல் அந்தரத்தில் தொங்கும். 'கொ' இன்னும் மோசம்: முதலில் 'க' தோன்றி, அடுத்த நொடி இடப்பக்கம் கொம்பு முளைத்துச் சொல் முழுவதும் தள்ளிப்போகும்.

தீர்வு இரண்டு. ஜாவாஸ்கிரிப்ட்டில் 'இன்ட்ல் செக்மென்டர்' என்ற வசதியை 'கிராஃபீம்' (கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரியும் அலகு) முறையில் வைத்துப் பிரித்தால் உயிர்மெய்யும் மெய்யும் முழு எழுத்தாகவே வெளிவரும். 'க்ஷ', 'ஸ்ரீ' மட்டும் அப்போதும் இரண்டாக உடையும். அதைவிட எளிய வழி, எழுத்தாகப் பிரிக்காமல் சொல் சொல்லாக நகர்த்துவது. வேகமாகப் படிக்கவும் முடியும், உடையவும் உடையாது.

படி 5: எஃபெக்ட்டைத் தேர்ந்தெடுப்பது

ஒவ்வொரு அசைவிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: இது பார்ப்பவருக்கு எதைச் சொல்கிறது? பட்டன் அழுந்துவது "தொட்டது கேட்டுவிட்டது" என்கிறது. மெனு பக்கவாட்டிலிருந்து வருவது, மூடினால் எங்கே போகும் என்பதைச் சொல்லிவிடுகிறது. கூடையில் எண் ஒருமுறை துள்ளுவது பொருள் சேர்ந்ததைச் சொல்கிறது. பின்னணியில் ஓயாமல் மிதக்கும் குமிழ்கள் எதையும் சொல்வதில்லை, பேட்டரியைத் தின்பதைத் தவிர.

கால அளவுகள்:

- பட்டன், இணைப்பு நிறம் மாறுதல்: 100 முதல் 200 மில்லிவிநாடி.
- மெனு, கீழே விரியும் பட்டியல்: 200 முதல் 300.
- முழுத்திரைப் பெட்டி திறப்பது: 250 முதல் 400.
- அரை விநாடியைத் தாண்டினால் மனிதர் காத்திருக்கத் தொடங்குவார். முதல் தடவை ரசிப்பார், பத்தாம் தடவை எரிச்சல்படுவார்.

உள்ளே வரும் பொருள் வேகமாக வந்து மெல்ல நிற்கட்டும் (ஈஸ் அவுட்). வெளியே போவது மெல்லக் கிளம்பி வேகமெடுக்கட்டும் (ஈஸ் இன்). வெளியேறும் நேரம் உள்ளே வரும் நேரத்தைவிடக் கொஞ்சம் குறைவாக இருந்தால் உறுத்தாது. அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும் எஃபெக்ட்டில் கணக்குப் பாருங்கள்: பன்னிரண்டு அட்டைக்குத் தலா 100 மில்லிவிநாடி தாமதம் என்றால் கடைசி அட்டை 1.1 விநாடி கழித்துத்தான் கிளம்பும். 40 ஆகக் குறையுங்கள், அல்லது முதல் நான்குக்கு மட்டும் வையுங்கள்.

அசைவு திக்கித் திணறாமல் இருக்க வேண்டுமானால் எதை அசைக்கிறோம் என்பது முக்கியம். விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் ஒரு சட்டத்துக்கு (ஃபிரேம்) கிடைக்கும் நேரம் சுமார் 16.7 மில்லிவிநாடி. அகலம், உயரம், மேல், இடது ஆகியவற்றை அசைத்தால் பிரவுசர் ஒவ்வொரு சட்டத்துக்கும் பக்கத்தின் அமைப்பையே மறுபடி கணக்கிட வேண்டும். 'டிரான்ஸ்ஃபார்ம்', 'ஒபாசிட்டி' இரண்டையும் மட்டும் அசைத்தால் அந்தக் கணக்கு தேவையில்லை. பெரும்பாலும் கிராஃபிக்ஸ் சில்லே பார்த்துக்கொள்ளும். நகர்த்துவது, பெரிதாக்குவது, சுழற்றுவது, மெல்லத் தோன்றி மறையச் செய்வது எல்லாமே இந்த இரண்டில் அடங்கிவிடும்.

ஒவ்வொரு எஃபெக்ட்டும் எங்கே காலை வாரும்

*ஸ்க்ரோல் செய்யும்போது தோன்றும் பகுதிகள்.* டெம்ப்ளேட்டுகளில் இதைவிடப் பரவலான எஃபெக்ட் இல்லை, இதைவிட ஆபத்தானதும் இல்லை. பெரும்பாலும் சிஎஸ்எஸ்ஸில் எல்லாவற்றையும் ஒளித்து வைத்துவிட்டு, ஜாவாஸ்கிரிப்ட் வந்து ஒவ்வொன்றாகக் காட்டும். ஸ்கிரிப்ட் ஏறவில்லை என்றாலோ வேறொரு ஸ்கிரிப்ட்டில் பிழை வந்து நின்றுவிட்டாலோ பக்கம் வெள்ளையாகக் கிடக்கும். அச்செடுத்தால், ஸ்க்ரோல் செய்யாத பகுதிகள் வெற்றுத் தாளாக வரும். மாற்றி அமைக்கும் வழி: எல்லாம் இயல்பாகத் தெரியும்படி விடுங்கள். ஸ்கிரிப்ட் ஓடத் தொடங்கியதும் பக்கத்தின் வேர் உறுப்பில் ஒரு கிளாஸை (சிஎஸ்எஸ் அடையாளம் காணும் பெயர்) சேர்க்கட்டும். அந்தக் கிளாஸ் இருந்தால் மட்டும் ஒளிக்கும்படி சிஎஸ்எஸ்ஸை எழுதுங்கள். அச்சுக்கான விதியில் எல்லாவற்றையும் தெரியும்படி வையுங்கள். பக்கத்தின் முதல் திரையில் இந்த எஃபெக்ட் கூடவே கூடாது, எல்சிபி நேரம் நேராக அடிவாங்கும். நகரும் தூரம் 20 பிக்சல் போதும், 100 பிக்சல் வேண்டாம். ஒருமுறை தோன்றியது மறுபடி மறையக் கூடாது.

*முகப்பில் சுழலும் வட்டம்.* பிரிலோடர் என்ற இந்தத் திரை, பக்கத்தின் எல்லாக் கோப்பும் வந்த பிறகே விலகும்படி எழுதப்பட்டிருக்கும். எங்கோ ஒரு வெளி ஸ்கிரிப்ட் தாமதித்தால், தயாராக இருக்கும் பக்கத்தை நாமே திரை போட்டு மறைத்ததாக ஆகும். நீக்கிவிடுங்கள்.

*முழுத்திரை வீடியோ.* தானாக ஓட வேண்டுமானால் ஒலி முடக்கப்பட்டிருக்க வேண்டும், ஐஃபோனில் 'பிளேஸ் இன்லைன்' பண்பும் வேண்டும். ஒலித்தடத்தைக் கோப்பிலிருந்தே எடுத்துவிடுங்கள். நீளம் 6 முதல் 10 விநாடி, எடை 2 எம்பிக்குள். வீடியோ ஓடும்வரை தெரியும் முன்படம் ஒன்றைக் கட்டாயம் வையுங்கள். கைபேசியில் அந்தப் படத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஐந்து விநாடிக்கு மேல் தானாக ஓடி, மற்ற உள்ளடக்கத்தோடு சேர்ந்து தெரியும் எந்த அசைவையும் நிறுத்த ஒரு பட்டன் தர வேண்டும் என்பது டபிள்யூசிஏஜி எனப்படும், மாற்றுத்திறனாளிகளும் இணையத்தைப் பயன்படுத்துவதற்கான சர்வதேச நெறிமுறையின் விதி. தானாக மாறும் படத்தொகுப்புக்கும் இது பொருந்தும்.

*பேரலாக்ஸ்.* ஸ்க்ரோல் செய்யும்போது பின்னணியும் முன்னால் இருப்பதும் வெவ்வேறு வேகத்தில் நகரும் எஃபெக்ட். பின்னணியை நிலைநிறுத்தும் பழைய சிஎஸ்எஸ் உத்தி ஐஃபோன் சஃபாரியில் ஒழுங்காக வேலை செய்வதில்லை. உள்காதுச் சமநிலைக் குறைபாடு உள்ளவர்களுக்கு இது தலைசுற்றலையும் குமட்டலையும் தரும். ஸ்க்ரோல் வேகத்தையே தன் கையில் எடுத்துக்கொள்ளும் எஃபெக்ட்டுக்கும் அதே கதை. வாசகரின் விரலுக்கும் பக்கத்துக்கும் நடுவில் நாம் போய் நிற்க வேண்டியதில்லை.

*ஹோவர்.* தொடுதிரையில் மவுஸை மேலே நிறுத்துவது என்பதே கிடையாது. படத்தின்மேல் மவுஸ் வந்தால்தான் விலையும் பெயரும் தெரியும் என்று வைத்தால் கைபேசிக்காரருக்கு அது இல்லவே இல்லை. தகவல் எப்போதும் தெரியட்டும், ஹோவர் அலங்காரத்துக்கு மட்டும். மவுஸுக்குக் கொடுக்கும் மாற்றத்தை டேப் விசையால் வருபவருக்கும் கொடுங்கள்.

*மங்கலான கண்ணாடி.* பின்னால் இருப்பதை மங்கலாக்கும் வடிகட்டி பழைய கைபேசிகளில் கனம். மெனுப் பட்டை ஒன்றுக்கு மட்டும் என்றால் தாங்கும். அதன்மேல் வரும் எழுத்து, எந்தப் படம் பின்னால் போனாலும் படிக்கும்படி இருக்க வேண்டும்: சாதாரண எழுத்துக்கு நிற வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1, பெரிய எழுத்துக்கு 3-க்கு 1.

பனி கொட்டுவது, மவுஸைத் துரத்தும் நட்சத்திரம், ஓடும் எழுத்து இவற்றுக்கெல்லாம் தனியாக எழுத ஒன்றுமில்லை. விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச்சிடும் எதுவும் ஒளியால் வலிப்பு வருபவர்களுக்கு ஆபத்து என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

படி 6: அசைவு வேண்டாதவர்களுக்கு

கருவியின் அமைப்பில் "அசைவைக் குறை" என்று வைத்திருப்பவர்களை 'பிரிஃபர்ஸ் ரெட்யூஸ்டு மோஷன்' என்ற மீடியா வினவலால் (கருவியின் அமைப்பைக் கேட்டறியும் சிஎஸ்எஸ் விதி) அறியலாம். அவர்களுக்கு நகர்வு, பெரிதாகுதல், பேரலாக்ஸ் எல்லாம் நிற்க வேண்டும். மெல்லத் தோன்றி மறைவது இருக்கலாம். சிஎஸ்எஸ்ஸில் மட்டும் இதைப் போட்டுவிட்டு, ஜாவாஸ்கிரிப்ட்டால் ஓடும் அனிமேஷனை மறந்துவிடுவது வழக்கமான ஓட்டை. இரண்டு இடத்திலும் சரிபாருங்கள்.

படி 7: வெளியிடும் முன்னும் பின்னும்

குரோமின் டெவலப்பர் கருவிகளில் நெட்வொர்க்கை மெதுவான 4ஜி ஆகவும் செயலியை நான்கு மடங்கு மெதுவாகவும் வைத்துப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். உங்கள் புதிய மடிக்கணினியில் வெண்ணெய்போல் ஓடுவது அங்கே தள்ளாடும். முதல் திரையில் வரும் பெரிய படத்துக்குச் சோம்பேறி ஏற்றம் (லேசி லோடிங், திரைக்கு அருகில் வரும்போதே படத்தை ஏற்றுவது) இருந்தால் எடுத்துவிடுங்கள். டெம்ப்ளேட்டுகள் எல்லாப் படத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டு அதைப் போட்டுவிடுகின்றன. ஒவ்வொரு படத்துக்கும் அகலம், உயரம் இரண்டையும் எச்டிஎம்எல்லில் எழுதினால் சிஎல்எஸ் சிக்கலில் பெரும்பகுதி அங்கேயே தீரும்.

பிறகு ஜாவாஸ்கிரிப்ட்டை முடக்கி ஒருமுறை, அசைவைக் குறைத்து ஒருமுறை, அச்சு முன்னோட்டத்தில் ஒருமுறை. தேடுபொறிகளைத் தடுக்கும் அமைப்பு, தளம் கட்டும்போது போட்டது, இன்னும் அப்படியே இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வெளியான பிறகு பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் இரண்டு வகை எண்களைக் காட்டும். ஆய்வக எண் அந்த நொடியில் அளந்தது. உண்மைப் பயனாளர்களின் எண் கடந்த 28 நாளின் தொகுப்பு. இன்று ஒரு கனத்த எஃபெக்ட்டை நீக்கினால் ஆய்வக எண் உடனே மாறும், மற்றது முழுதாக மாற நான்கு வாரம் ஆகும். போதிய வருகை இல்லாத தளத்துக்கு அந்த எண் வராது. அதனால் ஒரே நாளில் ஐந்தை மாற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றி, தேதியைக் குறித்து வையுங்கள். எண் மோசமாகும்போது எதைத் திருப்பிப் போட வேண்டும் என்று அந்தக் குறிப்பைப் பார்த்தால் தெரியும்.